‘சரி சேர்’ என்று சொல்வதற்கு முன்

ஓ.எல். பெறுபேறு வெளிவந்த கிழமை. இரவு எட்டு மணி இருக்கும், நல்ல மழை. கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக் கேற்றுக்கு வெளியே ஒரு தகப்பனும் மகனும் நின்றார்கள். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பையன் என்னிடம் மூன்று வருடம் ஓட்டம் பழகியவன். 100 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனவன்.

“சேர், பெரிய ஸ்கூல் ஒன்னுல இருந்து கோல் பண்ணுனாங்க. றகர் விளையாடக் கேக்குறாங்க. போர்டிங், சாப்பாடு எல்லாம் ஃப்ரீயாம். நாளைக்கே பதில் சொல்லச் சொல்றாங்க” என்றான். தகப்பன் நனைந்த தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டே, “எங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க மாஸ்டர். நீங்க சொன்னாச் சரி” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் 27 வருடம் உடற்கல்வி படிப்பித்தவன் நான். பெயர்பெற்ற பாடசாலையொன்று என் பிள்ளையைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. “போகட்டும்” என்றேன். பையன் என் வீட்டு விறாந்தையில் நின்றபடியே போனை எடுத்து, “சரி சேர்” என்று சொன்னான். அவனுடைய அடுத்த இரண்டு வருடம் அந்த இரண்டு சொல்லில் முடிவாகிவிட்டது. ஒரு கேள்விகூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பாடசாலை விளையாட்டு என்றால் கண்டி எவ்வளவு உருகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891இல் தொடங்கிய கிங்ஸ்வூட் கல்லூரியும் டிரினிட்டி கல்லூரியும் 1906இல் போகம்பறை மைதானத்தில் மோதின. இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பிப் போட்டி அதுதான். ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. 1945இல் டிரினிட்டிக்கும் கொழும்பு றோயலுக்கும் இடையே பிராட்பி கேடயம் தொடங்கியது. இங்கே ஒரு ஆட்டம், கொழும்பில் ஒரு ஆட்டம், இரண்டின் புள்ளியையும் கூட்டி வெற்றி. கண்டியில் ஆட்டம் நடக்கும் நாளில் டவுனுக்குள் ஓட்டோ பிடிப்பதே கஷ்டம். 1874இல் பிறந்த கண்டி விளையாட்டுக் கழகம் வேறு நித்தவெல மைதானத்தில் இருக்கிறது. பாடசாலை முடித்த பையன்களின் கண்ணெல்லாம் அங்கேதான்.

இவ்வளவு மானமும் மரியாதையும் ஒரு ஆட்டத்தில் தங்கியிருக்கும்போது, ஓடக்கூடிய பையனைத் தேடத்தான் செய்வார்கள். ஓ.எல். முடிந்த நேரம் அதற்குத் தோதான நேரம். ஏ.எல். படிக்கப் பாடசாலை மாறுவது நாட்டு வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள். இது ஒன்றும் களவு வேலை என்று நான் சொல்லவரவில்லை. கண்டியில் பிறந்து டிரினிட்டியில் படித்த ரஞ்சன் மடுகல்லவும் பிறகு றோயலுக்குப் போய்ப் படித்தவர்தான். பிள்ளைக்கு நல்ல மைதானமும் நல்ல கோச்சும் கிடைப்பது பாக்கியம். கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. அங்கே ‘ஃபுட்போல்’ என்பது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம், நம் றகருக்குச் சொந்தக்காரன். பள்ளியில் நன்றாக விளையாடும் பையனைக் கல்லூரிப் பயிற்றுநர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்வார்கள். வீட்டுக்கு வந்து தாய் தகப்பனோடு பேசுவார்கள், கல்லூரியைச் சுற்றிக் காட்டுவார்கள். கடைசியில் பையன் “உங்களிடமே வருகிறேன்” என்பான். அதைத்தான் ‘கமிட்’ பண்ணுவது என்கிறார்கள். மேசையில் மூன்று நான்கு கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, கமெராவுக்கு முன் ஒன்றை எடுத்துத் தலையில் போடும் வழக்கமும் உண்டு. தொப்பி போட்டாலும் அது வாய்வார்த்தைதான். பையன் மனம் மாறலாம், கல்லூரியும் கைவிடலாம். டிசம்பரிலோ பெப்ரவரியிலோ குறித்த நாளில் கையெழுத்து விழுந்தால்தான் இரண்டு பக்கமும் கட்டுப்படும். இதற்கென்று 1964இல் வந்த ஒரு பொதுக் கடிதம் அறுபது வருடம் புழங்கியது. 2024 ஒக்டோபரில் அதை நிறுத்திவிட்டு, உதவிப்பண ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்கும் முறைக்கு வந்துவிட்டார்கள். 2021 ஜூலையிலிருந்து மாணவன் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து கல்லூரியே நேரே பணம் கொடுக்கவும் வழி திறந்துவிட்டது.

அங்கே எல்லாம் நேர் என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் விளையாடுகிற பத்துப் பேரில் ஒருவனுக்குக்கூடக் கல்லூரி அணியில் இடம் கிடைப்பதில்லை. ஏமாந்து போகிற பிள்ளைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் கையெழுத்துப் போட்டவன் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது: படிப்புச் செலவு இவ்வளவு, தங்குமிடம் இன்னது, சாப்பாடு இன்னது என்று. எங்கள் பையனிடம் இருந்தது ஒரு போன் நம்பர்.

அந்தப் பாடசாலை கண்டி மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. பையன் தகரப் பெட்டியோடு போய் இறங்கிய மூன்றாம் நாள் எனக்குப் போன் பண்ணினான். “சேர், இங்க ஏ.எல். தமிழ்ல இல்ல.” கண்டியில் டிரினிட்டி போன்ற இடத்தில் தமிழ் மொழிமூல வகுப்பு இருப்பதால், பெரிய பாடசாலை என்றால் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நான் எண்ணிவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பிள்ளை, சிங்கள மொழிமூலக் கலைப்பிரிவு வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்தான். மாஸ்டர் கரும்பலகையில் எழுதுவதைப் படம் போலப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் வரைந்தேன் என்று பிறகு சொன்னான்.

மைதானத்தில் மட்டும் மொழி குறுக்கே நிற்கவில்லை. முதல் சீசனிலேயே ‘விங்’கில் போட்டார்கள், 14ஆம் இலக்க ஜேர்சி. லீவில் அவன் வீட்டுக்கு வந்தபோது நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசல் கொடியில் அந்த ஜேர்சி காய்ந்துகொண்டிருந்தது. தாய் அதைப் புறம் திருப்பிப் போட்டிருந்தார், இலக்கத்தின் நிறம் வெயிலில் மங்கிவிடக்கூடாதாம். லயத்துச் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது சீசன் தொடங்கும் முன், பயிற்சியில் திரும்பும்போது முழங்கால் சுளுக்கியது. சுளுக்கு என்றுதான் நினைத்தார்கள். ஸ்கேனில் லிகமென்ட் அறுந்திருந்தது. ஒன்பது மாதமாவது விளையாட முடியாது என்றார் டொக்டர். அடுத்த தவணை தொடங்கும்போது, போர்டிங் காசு கட்ட வேண்டும் என்று தகப்பனுக்குச் சொன்னார்கள். இலவசம் என்று சொன்ன பயிற்றுநர் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. பையன் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தான். ஏ.எல். பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தமிழில் எழுதினான், ஒரு பாடம் போய்விட்டது. இப்போது பேராதனை வீதியில் ஒரு டயர் கடையில் நிற்கிறான். என்னைக் கண்டால் இன்றும் ஓடிவந்து பேசுவான். குற்றம் சொன்னதே இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதைச் சொன்னால், “முரளியும் அப்படித்தானே வந்தார் மாஸ்டர்?” என்று கேட்பார்கள். முரளியின் கதையை எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் மலையகத்தில் ஒவ்வொரு தகப்பனும் மனதில் வைத்திருப்பது அந்தக் கதையைத்தான்.

முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17இல் கண்டியில் பிறந்தவர். பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தகப்பனார் பிஸ்கட் தொழில் நடத்தியவர். ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். மித வேகம் போட்டுக்கொண்டிருந்த பையனை 14 வயதில் ‘ஒஃப் ஸ்பின்’ போடச் சொன்னவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு சொல் எத்தனை பெறுமதி! பாடசாலையின் கடைசி இரண்டு பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலை வீரர் விருதை வாங்கினார். பிறகு கொழும்பு தமிழ் யூனியன் கழகம். 1899இல் தொடங்கிய கழகம் அது. இலங்கை 1982 பெப்ரவரி 17இல் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது அதன் மைதானத்தில்தான்.

அடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்துக்குப் போன முரளி ஐந்து ஆட்டம் ஆடினார், ஒரு விக்கெட்கூட விழவில்லை. 19 வயதுப் பையன், வெறுங்கையோடு திரும்பி வந்தான். யாரும் அவனைக் கைவிடவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்ட் 28இல் கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் தொப்பி கிடைத்தது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில், கொலிங்வுட்டை போல்டாக்கி 709ஆவது விக்கெட்டை எடுத்து உலகச் சாதனையை முரளி திருப்பி வாங்கியபோது நான் புல்மேட்டில் நின்றேன். சுற்றியிருந்த மலையெல்லாம் சத்தம் போட்டது போல இருந்தது.

அந்த 800 விக்கெட்டும் அவருடைய தோளுக்கும் மணிக்கட்டுக்கும் சொந்தம். ஆனால் படித்த பாடசாலை வீட்டுக்குக் கிட்ட. பையனை நீண்டகாலம் கவனித்த ஒரு கோச். விக்கெட் விழாத வருடத்திலும் வாசலைச் சாத்தாத கிரிக்கெட். எதுவும் சரிவராவிட்டால் திரும்பிப் போக ஒரு குடும்பத் தொழில். என் பையனுக்கு இதில் எது இருந்தது? முழங்கால் ஒன்றுதான் இருந்தது. குமார் சங்கக்காரவையும் பாருங்கள்: டிரினிட்டியில் விளையாடிக் கழகத்துக்குப் போனபோதும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தவர். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டில் உயர்ந்த சாதனை செய்தவர்களுக்கு விசேட அனுமதி இருக்கிறது. அதற்கும் ஏ.எல். சித்தி வேண்டும். ஏ.எல்.ஐத் தொலைத்துவிட்டு விளையாட்டை மட்டும் வைத்திருப்பவனுக்கு அந்தக் கதவும் இல்லை.

அந்தப் பையன் திரும்பி வந்த பிறகு ஒரு கொப்பித் தாளில் கேட்க வேண்டியதை எழுதி வைத்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். சிங்களத்தைப் பக்கத்து வீட்டு அம்மா திருத்தித் தந்தார். ஏ.எல். எந்த மொழியில், எந்தப் பாடம்? போர்டிங்கும் சாப்பாடும் இலவசம் என்றால் எத்தனை தவணைக்கு? காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, காயம் பட்ட வருடத்திலும் போர்டிங் உண்டா? கோச் மாறினால் இந்த வாக்குக்கு அதிபர் பொறுப்பா? கீழே பெயர், கையெழுத்து, திகதி. இவ்வளவுதான் அந்தத் தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு பையனுக்குப் படைக் கழகமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் றக்பி அணி உண்டு. அங்கே விளையாடப் போவதென்றால் வேலைக்குச் சேருவது. சம்பளம் வரும், குறித்த வருடங்களுக்குச் சேவை ஒப்பந்தமும் வரும். 19 வயதில் அது சின்ன விஷயமில்லை. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், படைக்கு ஏற்றபடி கேள்விகளை மாற்றி. வந்தவர் கோபித்துக்கொள்வார் என்று தகப்பன் பயந்துகொண்டே இருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். “இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை மாஸ்டர்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். பையன் ஏ.எல். எழுதி முடித்த பிறகு சேர்ந்தால் போதும் என்பதும் அவர் எழுதியதுதான். அதன்படியே நடந்தது.

தாய் தகப்பனாக இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையைத் தேடி யாரும் வந்தால் சந்தோஷப்படுங்கள், தேநீர் கொடுங்கள். நாளைக்கே பதில் வேண்டும் என்றால் ஒரு கிழமை தவணை கேளுங்கள். அந்த ஒரு கிழமையில் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் போங்கள், ஏற்கெனவே அங்கே போன பிள்ளை ஒன்றின் வீட்டுக்குப் போங்கள். சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.