ரூபாய், வினாடி, கூச்சம்

எங்கள் வீட்டு கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். விலை 90 ரூபாய். மாவு ஆட்டும்போது மட்டும் போட்டுக்கொள்ள வைத்திருந்தது அது. வெறுங்காலோடு நின்று தொட்டால் கிரைண்டர் சுர்ரென்று இழுக்கும். "லேசாத்தான் அடிக்குது, செருப்பப் போட்டுக்க" என்று அம்மா சொன்னாள், மனைவி கேட்டுக்கொண்டாள், மகளும் பழகிக்கொண்டாள். நாலு வருஷம் இப்படியே ஓடியது. எங்கள் வீட்டுப் பாதுகாப்புக்காக நாங்கள் யோசித்து வாங்கிய ஒரே சாமான் அந்தச் செருப்புதான்.

போன வருஷம் வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில் இதற்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன். நாலு பேர் உள்ள வீடு பத்திரமாக இருக்க என்ன செலவாகிறது என்று பார்க்கத்தான். முதலில் ரூபாய் என்று ஒரே பத்தி போட்டேன். ஒரு மாதத்தில் வினாடி என்று இரண்டாவது பத்தி தேவைப்பட்டது. மூன்றாவது பத்தியைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பதிவு கரண்ட். மெயின் போர்டில் எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் சிரித்தார். எம்சிபி ஒயரைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி அசைவதற்கே 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஈரக்கையோடு 230 வோல்ட்டைத் தொடுகிறவர் உடம்பில் ஓடுவது நூறு, இருநூறு மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதுவே போதும். எம்சிபிக்கு அது நடந்ததே தெரியாது. ஆர்சிசிபி என்று விற்கிற பெட்டி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். இரண்டு எண்ணுக்கும் நடுவே ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆர்சிசிபி 1,850 ரூபாய், மாட்டிய கூலி 400. மாட்டிய அன்று சாயங்காலம் கிரைண்டரைப் போட்டதும் வீடே இருட்டு. மறுபடி போட்டோம், மறுபடி இருட்டு. "பெட்டி சரியில்ல" என்றாள் அம்மா. எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். மூன்று பின்னில் பெரிய பின்னுக்கு வர வேண்டிய பச்சை ஒயர் அறுந்து, நுனி கறுத்துச் சுருண்டு கிடந்தது. கசிவும் அந்த பிளக்குக்குள்ளேயேதான். புது பிளக் 60 ரூபாய். ஆக, நாலு வருஷம் செருப்பு போட்டு மூடி மறைத்த வியாதிக்கு வைத்தியம் 60 ரூபாய். ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய டெஸ்ட் பட்டன் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அமுக்குகிறேன், ஒரு நிமிஷம். விழவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம். வருஷத்துக்கு 12 நிமிஷம்.

அடுத்தது கேஸ். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் 190 ரூபாய், ஆயுள் 5 வருஷம். ஒரு நாளைக்குப் பத்து காசு வருகிறது. பழைய டியூபின் மேல் அச்சிட்டிருந்த வருஷத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மாற்றியிருக்க வேண்டிய காலம் கடந்து நாலு வருஷம். சிலிண்டருக்கும் தேதி உண்டு. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். பி-27 என்றால் அந்தச் சிலிண்டரை 2027 ஜூனுக்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேஸ் எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் சமையலறை பத்துக்கு எட்டு அடி, உயரம் பத்து. சுமார் 22.6 கன மீட்டர் காற்று. அதில் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அந்த 2 சதவீதத்தை எடையாக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ. சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதுவும் அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. சமையல் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், தரையோடு தங்கும். கீழே மட்டும் சேர இன்னும் குறைவே போதும். வாடை வந்தால் லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூட எனக்கு 3 வினாடி ஆகிறது. 365 நாளைக்கு 18 நிமிஷம் 15 வினாடி.

ஹெல்மெட்டுக்குத்தான் நோட்டில் அதிகப் பக்கம் போயிற்று. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர், நூற்றுக்கு 44-க்கு மேல். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் ஓட்டியவர்கள் 35,692, பின்னால் உட்கார்ந்தவர்கள் 14,337. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் மாநிலம்: 64,105. இறந்தவர்கள் 17,884. ஒரு நாளைக்கு 49 பேர், ஏறக்குறைய ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற அத்தனை பேரும்.

14,337 என்ற எண்ணைப் பார்த்தபிறகுதான் இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன். முதலாவது 1,250, இரண்டாவது 1,100, இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை. அதுவரை மனைவி பின்னால் வெறுந்தலையோடுதான் வந்தாள். 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ஆன பிறகும் எங்கள் பக்கத்தில் பாதி ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல்தான் பயணம் செய்கிறது. போலீஸ் நிற்கிற சிக்னலுக்கு முந்தின வேகத்தடையில் தலைக்கு ஏறும். லாக் போடாமல்தான். உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறார்கள். லாக் போடாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று போய்விடும். அந்த சதவீதமும் கூடவே போகும். லாக் போட 6 வினாடி, ஒரு நாளில் நாலு தடவை, வருஷத்தில் 300 நாள்: சரியாக 2 மணி நேரம்.

வண்டியில் போகும்போது போன் வந்தால் ஓரம் கட்டுவது என்று முடிவு செய்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். யார் கூப்பிடுகிறார்கள் என்று 3 வினாடி குனிந்து பார்த்தால் 33 மீட்டர், மூன்று பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின மாதிரி. ஓரம் கட்ட ஒரு தடவைக்கு 40 வினாடி, நாளுக்கு இரண்டு தடவை, 300 நாளில் 6 மணி 40 நிமிஷம். நோட்டிலேயே பெரிய நேரச் செலவு இதுதான்.

மற்றவை சில்லறை. கொல்லைக்குப் போக டார்ச் 220 ரூபாய். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், வருஷத்துக்கு 58,000 என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பாதி சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில். வாசல் கதவுக்குச் சங்கிலியும் பார்க்கிற லென்ஸும் 240. ராத்திரி கதவு, மொட்டைமாடிப் பூட்டு ஒரு சுற்று பார்க்க 20 வினாடி, வருஷத்துக்கு 2 மணி 1 நிமிஷம் 40 வினாடி. 112, 101, 108, 181, 1098, 1906, 1930 என்று பெரிய எழுத்தில் அச்செடுத்து காலண்டர் பக்கத்தில் ஒட்டிய தாள் 2 ரூபாய்.

கூட்டினால் 5,312 ரூபாய்; 11 மணி 11 நிமிஷம் 55 வினாடி. ஏறக்குறைய சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி பஸ்ஸில் போகிற நேரம். வருஷம் முழுக்க அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தில் வீண் செலவு என்று ஒரு கணக்கும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பக்கத்துத் தெருவில் திருட்டு என்று கேள்விப்பட்டு ஒரே வாரத்தில் நாலு கேமரா சிசிடிவி போட்டேன், 16,500. மகளுக்கு பெப்பர் ஸ்ப்ரே 380. கேமரா ஆப்பின் பாஸ்வேர்டு இப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஸ்ப்ரே பையின் அடியில் பழைய பஸ் டிக்கெட்டுகளோடு கிடந்து தேதி முடிந்துவிட்டது. மொத்தம் 16,880. பயந்துபோய்ச் செலவழித்தது, யோசித்துச் செலவழித்ததைப்போல மூன்று மடங்கு. மகளுக்கு உதவியது இலவசமான ஒன்று: காலேஜ் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒன்று. பஸ் ஸ்டாப்பில் ஒரு காதில் மட்டும் இயர்போன்.

இனி மூன்றாவது பத்தி. அதற்குக் காரணம் சித்தப்பா. வயது 67, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பைசா கணக்குத் தவறாதவர். ஒரு நாள் காலை பேங்க்கிலிருந்து பேசுவதாக ஒருவன், "சார், இன்னிக்கு கேஒய்சி முடிக்கலேன்னா உங்க பென்ஷன் அக்கவுண்ட் பிளாக் ஆயிடும் சார்" என்றான். வார்த்தைக்கு ஒரு சார். நடுவில் போனை வைப்பது மரியாதை இல்லை என்று சித்தப்பா கடைசிவரை கேட்டார். அவன் அனுப்பிய லிங்க்கையும் தொட்டார், ஓடிபியையும் சொன்னார். 11:10-க்கு 5,000 போனது. 11:26-க்கு 18,000. அந்த நிமிஷமே இது மோசடி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. போனை அணைத்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நாலு மணிக்கு இன்னொரு 25,000 போனது. எங்களுக்குத் தெரிந்தது மூன்றாம் நாள், சித்தி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று போன் செய்தபோது.

"ஊருக்கே பாடம் சொன்னவன், இதை எப்படிடா சொல்றது?" என்றார்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் புகார் சொல்லும் நிமிஷம் வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கி தலையில். 11:30-க்கு வங்கியையும், இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐயும் அழைத்திருந்தால் முதல் 23,000-க்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். 1930-இல் சொன்னால் பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியதோ அங்கெல்லாம் நிறுத்திவைக்கச் சொல்வார்கள், சீக்கிரம் சொல்லச் சொல்ல மிச்சம் அதிகம். 25,000 போயே இருக்காது. 48,000-இல் ஏமாந்ததற்கான விலை 23,000, கூச்சத்துக்கான விலை 25,000. இப்படிப் பிரித்து எழுதியபோதுதான் மூன்றாவது பத்திக்குக் கோடு போட்டேன். நாட்டுக் கணக்கில் 2023-இல் இணைய மோசடிகளில் போனது 7,465 கோடி, 2024-இல் 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. புகார் கொடுத்தவர்கள் கணக்கு அது. ஈஸிசேரில் சாய்ந்தவர்கள் அதில் இல்லை.

அதற்குப் பிறகு நோட்டைத் திரும்பப் படித்தால் எல்லா வரியிலும் கூச்சம் இருக்கிறது. சிலிண்டர் போட வருகிறவரை நிறுத்தி, "மூடியைக் கழட்டி வாஷர் பாத்துட்டுப் போங்கண்ணே" என்று சொல்ல முதல் தடவை எனக்கு வாய் வரவில்லை. வேகாத வெயிலில் தோளில் 30 கிலோ தூக்கி வந்த மனிதர். அவரோ ஒன்றும் சொல்லாமல் வால்வின் வாயில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். இரண்டு நிமிஷம். "யாருமே கேக்க மாட்டாங்க சார்" என்றார்.

வங்கி என்று யார் பேசினாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கிற எண்ணுக்கு நாமே அழைப்பது என்பது வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது. அம்மா முதலில் "மன்னிச்சுக்கப்பா, வெக்கிறேன்" என்று சொல்லி வைத்தாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. குரலை அப்படியே நகல் எடுத்துப் பேசிப் பணம் கேட்கிறார்கள் என்பதால் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் வைத்திருக்கிறோம். குலதெய்வப் பெயர் வைக்கலாம் என்றாள் அம்மா. அது தெரு முழுக்கத் தெரியும் என்று மகள் மாற்றிவிட்டாள்.

இந்த மாத நிலுவை மூன்று. சிசிடிவி பாஸ்வேர்டு. மாமனார் ஊரிலிருந்து வந்தால் கோயிலுக்குப் போகிற 600 மீட்டருக்கு ஹெல்மெட் போடமாட்டேன் என்கிறார், விபூதி கலைந்துவிடுமாம். அப்புறம் மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டு டியூப். வாடகை வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன், ஆரஞ்சு வெளுத்து வெள்ளையாகி, அடுப்புப் பக்கம் கிளிப் இல்லாமல் சணல் கயிறு கட்டியிருந்தது. நான் பார்த்ததை அந்த அம்மா பார்த்துவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்தினார். 190 ரூபாய் நானே கொடுத்துவிடலாம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.