காற்றே காவல்

ஐம்பெரும் பூதங்களுள் காற்றும் ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத அஃது உயிர்கட்கு மூச்சாய் நின்று உதவுகின்றது. பாய்மரக் கலங்களைச் செலுத்துகின்றது. சினந்து எழுந்தால் மரங்களை வேரோடு சாய்க்கின்றது. பரந்து திரியும் அக்காற்றைச் சிறு கலத்துள் அடைத்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டான் மனிதன். பதினாயிரக்கணக்கான கிலோ எடையுடன் மலைப்பாதையில் இறங்கும் லாரியை நிறுத்துவது ஓட்டுநரின் கால்வலிமை அன்று; அடைபட்ட காற்றின் வலிமையே ஆகும். அக்காற்றை அடைத்துத் தரும் கருவி, எஞ்சினோடு இணைந்து இயங்கும் காற்றமுக்கி. தொழிலாளர் இதனைக் கம்ப்ரசர் என்பர்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினை அறியாத சிறுவர் இலர். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கச் சுருங்கக் கையை எதிர்த்துத் தள்ளும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, காற்றின் கனஅளவு பாதியானால் அதன் அழுத்தம் இருமடங்காகும். இவ்வுண்மையை இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். பம்பினை விரைந்து பலமுறை அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதையும் காணலாம். அமுக்கப்படும் காற்று ஆற்றல் பெறுகின்றது, வெப்பமும் கொள்கின்றது. இவ்விரண்டையும் நினைவில் கொண்டால், காற்றமுக்கியைப் பற்றிய செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

காற்றின் இவ்வாற்றலைக் கொண்டு வண்டிகளை நிறுத்தி வெற்றி கண்டவர் அமெரிக்க நாட்டினரான ஜார்ஜ் வெஸ்டிங்கௌஸ். அவர் காலத்தில் இருப்புப்பாதை வண்டித் தொடரை நிறுத்த வேண்டுமாயின், பணியாளர் பெட்டிக்குப் பெட்டி சென்று கையால் தடையை முறுக்க வேண்டும். ஓடும் வண்டியின் கூரைமேல் சென்ற அவர்களுள் தவறி விழுந்து மாண்டோர் பலர். வெஸ்டிங்கௌஸ் 1869ஆம் ஆண்டில் காற்றுத் தடைக்கு உரிமை பெற்றார். எனினும் அதில் ஒரு குறை இருந்தது; இடையில் குழாய் அறுந்தால் தடையே இல்லாது போகும். அவர் 1872ஆம் ஆண்டில் அமைத்த புதிய முறை அக்குறையைக் களைந்தது. குழாயில் காற்று நிறைந்திருக்கும் வரை தடை விலகி நிற்கும். காற்று குறைந்தால் தடை தானே விழும். காவலன் வீழ்ந்த நொடியிலேயே கதவு தானே தாழிட்டுக் கொள்வது போன்றது இவ்வமைப்பு. பின்னர்க் காற்றுத் தடை லாரிகளுக்கும் வந்தது.

காற்றமுக்கி தோற்றத்தில் ஒரு சிறு எஞ்சினை ஒத்தது. அதனுள் உருளையும், அவ்வுருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும், இரண்டு வால்வுகளும் உள்ளன. பிஸ்டன் இறங்கும்போது ஒரு வால்வு திறக்கக் காற்று உட்புகும். ஏறும்போது அவ்வால்வு மூடிக்கொள்ள, அமுங்கிய காற்று மற்றொரு வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஆயினும் எஞ்சினுக்கு உள்ளது போன்ற சொந்த வலிமை இதற்கு இல்லை. பற்சக்கரத்தாலோ பெல்ட்டாலோ எஞ்சின் இதனைச் சுழற்றினால்தான் இது சுழலும்.

பெல்ட்டால் சுழலும் காற்றமுக்கியை லாரியில் பொருத்துவோர் முதற்கண் ஆராய்வது இடத்தையே. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்து எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். வண்டியின் சட்டம் அவ்வாறு அதிராது. ஆகவே, காற்றமுக்கியைச் சட்டத்தில் பிணைத்தால் இரண்டிற்கும் இடைவெளி மாறிக்கொண்டேயிருந்து பெல்ட் கழன்றுவிடும். அதனை எஞ்சினோடு உறுதியாகப் பிணைப்பதே முறை. இரண்டு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். பெல்ட் தளர்ந்தால் வழுக்கும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் பேரிங்குகள் தேயும். கப்பிகளின் அளவும் கருதத்தக்கது. எஞ்சினின் கப்பி 20 சென்டிமீட்டர் விட்டமும், காற்றமுக்கியின் கப்பி 10 சென்டிமீட்டர் விட்டமும் உடையனவாயின், எஞ்சின் நிமிடத்திற்கு 1500 முறை சுழலும்போது காற்றமுக்கி 3000 முறை சுழலும். செய்தோர் வகுத்த எல்லையைக் கடந்து சுழலுமாயின் அது விரைவில் கெடும்.

தேய்மானத்தைத் தடுக்க எண்ணெயும், வெப்பத்தைத் தணிக்க நீரும் இதற்கு வேண்டும். பெரிய லாரிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே குழாய் வழியே வந்து, மீண்டும் எஞ்சினுக்கே செல்கின்றன. உட்கொள்ளும் காற்றும் தூய்மையானதாயிருத்தல் வேண்டும். புழுதி புகுந்தால் உருளையின் சுவர் அரிபடும். ஆதலின் வடிகட்டியைக் கடந்து வந்த காற்றையே இதற்கு அளிப்பர்.

அமுங்கிய காற்று கொதிநீரினும் மிகுந்த வெப்பத்துடன் வெளிவரும். அவ்வெப்பத்தைத் தாங்காத குழாயை அங்கே இணைத்தால் அது வெடித்துவிடும். தொட்டியை அடைந்த காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாய் மாறி அடியில் தங்கும். அந்நீர் தொட்டியைத் துருவேறச் செய்யும். குளிர்மிக்க நாடுகளில் குழாய்க்குள் உறைந்து வழியை அடைத்துவிடும். இதனாலேயே தொட்டியின் அடியில் நீரை வெளியேற்றும் திருகு ஒன்று வைக்கின்றனர். இக்காலத்து லாரிகள் பலவற்றில் காற்றை உலர்த்தும் கருவியும் உண்டு. தொட்டிக்கு முன்னே ஒருவழி வால்வு ஒன்றும் அமையும். காற்றமுக்கி நின்றாலும், தொட்டியிலுள்ள காற்று திரும்பிச் செல்லாதபடி அது தடுக்கின்றது.

தொட்டியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோகிராம் அளவை எட்டியதும், கவர்னர் என்னும் கருவி காற்றமுக்கியின் சுமையை நீக்கிவிடும். அழுத்தம் குறைந்ததும் மீண்டும் வேலையில் ஏவும். கவர்னர் பழுதுற்றால் தொட்டி வெடியாதவாறு காக்கும் வால்வு வேறு உண்டு. இவ்வாறு ஒரு காவலுக்கு மற்றொரு காவல் துணையாக அமைந்திருத்தல் காண்க.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் காற்று சக்கரங்களின் அருகிலுள்ள அறைகளுக்குப் பாய்கின்றது. அறையொன்றின் தகட்டுப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றும், காற்றின் அழுத்தம் 6 கிலோகிராம் என்றும் கொள்வோம். அத்தகட்டின்மேல் 1200 கிலோகிராம் விசை விழும். மனிதன் ஒருவன் தன் காலால் இவ்விசையைத் தருதல் இயலுமோ? பின்சக்கரங்களிலோ வலிய வில்சுருள்களும் உள்ளன. காற்று அவற்றை அமுக்கிப் பிடித்திருக்கும். காற்று குறைந்தால் அவை விரிந்து சக்கரத்தைப் பற்றும். வெஸ்டிங்கௌஸ் கண்ட நெறியே இங்கும் நின்று காக்கின்றது.

காற்றமுக்கியைப் பொருத்தும் முன்னர், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, தொட்டியின் காற்றை முற்றும் வெளியேற்றிய பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும். பொருத்திய பின்னர், எஞ்சினை ஓட்டித் தொட்டியை நிரப்பி, மீண்டும் நிறுத்தி, அழுத்தம் காட்டும் முள்ளைச் சிறிது நேரம் நோக்குவர். முள் இறங்குமாயின் எங்கோ காற்று கசிகின்றது என்பது பொருள். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். ஒரு குமிழிதானே என்று அதனைப் புறக்கணித்தல் தகாது.

சத்தியமங்கலத்திற்கு வடக்கே உள்ள திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய பாதையில் இறங்கும் ஓட்டுநர் வளைவுதோறும் பிரேக்கை மிதிக்க நேரும். மிதிக்குந்தோறும் தொட்டியின் காற்று செலவாகும். செலவானதை உடனுக்குடன் ஈடுசெய்வது ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினே. சிறிது டீசலை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை விடுவித்து எஞ்சினை நிறுத்துபவர், வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினின் துணையையும் இழக்கின்றார். பிரேக்குக்குக் காற்று வரும் வாயிலையும் அடைக்கின்றார். தொட்டி வற்றிய பின் கால் மிதித்தும் பயனில்லை. வில்சுருள் இல்லாத பழைய வண்டியாயின் தடையே இராது. உள்ள வண்டியிலும் வளைவின் நடுவே பின்சக்கரங்கள் திடீரென இறுகி வண்டி நிலைதடுமாறக் கூடும். சில ரூபாய் மிச்சம். அதற்கு ஈடாக வைக்கப்படுவதோ தம் உயிரும் எதிர்வருவோர் உயிரும்.

காற்று விலையின்றிக் கிடைப்பது. ஆயினும் அது காவலாய் நிற்க, நேரான கப்பியும், இறுகிய இணைப்பும், நாள்தோறும் நீரகற்றும் கையும், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தாத அறிவும் வேண்டும். கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் காக்கும் மனிதனின் விழிப்பே அதற்கு உயிர் என உணர்தல் வேண்டும்.