பெட்டியில் உள்ள எண்ணை விடுங்கள், கோபுரத்தைக் கேளுங்கள்

உலகச் சாரணர் இயக்கம் அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் நடத்தும் ‘ஜம்போரி ஆன் தி ஏர்’ என்ற ஹாம் வானொலிக் கூடல் நெருங்கிவிட்டது. அதற்குள் கணினியில் செருகும் வானொலி ஏற்பியான தங்கள் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளைத் தயார்செய்ய நினைக்கும் ஆசிரியர்களும் புதிய ஹாம்களும் அனுப்பிய கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளூர் ரிப்பீட்டர் அதற்குரிய அலைவரிசையில் தெரியாமல் ஏழு கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தெரிகிறது. டாங்கிள் பழுதா, மென்பொருள் பழுதா?

இரண்டும் இல்லை. மலிவான டாங்கிளில் உள்ள 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு, பிசகுவது சகஜம். 145 மெகாஹெர்ட்ஸில் அது 7.25 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. குறுகிய எஃப்எம் பேச்சு உடைந்து கேட்க அது போதும்.

பெட்டியில் ‘1 பிபிஎம்’ என்று போட்டிருக்கிறதே?

வெப்ப ஈடு செய்த படிகம், அதாவது டிசிஎக்ஸ்ஓ உள்ள டாங்கிள்களின் விளம்பரத்தில் வரும் எண் அது. வழக்கமாக அது சொல்வது, வெப்பநிலை மாறும்போது அலைவெண் எவ்வளவு நகரும் என்பதை மட்டுமே. படிகம் தயாரானபோதே இருந்த பிழை தனிக் கணக்கு. ஆண்டுகள் செல்லச் செல்லச் சேரும் பிழை இன்னொரு கணக்கு. மூன்றில் சிறியதை எடுத்துப் பெரிய எழுத்தில் அச்சிட விற்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. ‘தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டது’ என்ற வாசகத்துக்கும் ஒரு நாளில், ஓர் அறை வெப்பத்தில் சரியாக இருந்தது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. டிசிஎக்ஸ்ஓ வாங்குவது நல்லதுதான். ஆனால் அளந்து பாருங்கள்.

எதை வைத்து அளப்பது?

எஃப்எம் வானொலியை வைத்து வேண்டாம். பலரும் தரும் அறிவுரை அது, தவறானது. எஃப்எம் ஒலிபரப்புக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் விலகல் 2,000 ஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸில் அது 20 பிபிஎம். போதாக்குறைக்கு, பாட்டு ஓடும்போது சிக்னலின் நடுவைக் கண்ணால் பிடிப்பதும் கடினம்.

வீட்டிலிருந்தபடியே கிடைக்கும் சிறந்த அளவுகோல், தெருமுனையில் நிற்கும் செல்போன் கோபுரம். 2ஜி எனப்படும் ஜிஎஸ்எம் கோபுரம் தன் அலைவெண்ணில் 0.05 பிபிஎம்முக்கு மேல் பிசகக் கூடாது என்பது தரவிதி. விதியை எழுதிவைத்தால் யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். இங்கே விதியை நம்ப வேண்டியதில்லை, மீறினால் என்ன ஆகும் என்று பார்த்தால் போதும். பேருந்தில் போகும் ஒருவரின் அழைப்பு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் அந்தத் தாவல் தடுமாறும், நிறுவனம் வாடிக்கையாளரை இழக்கும். சரியாக இருப்பது அவர்களுடைய பிழைப்பு.

அந்தத் துல்லியம் நம் கைக்கு வரும் வழி அழகானது. உங்கள் கைபேசிக்குள் இருப்பதும் சாதாரணப் படிகம்தான். ஆனாலும் அது கோபுரத்தோடு 0.1 பிபிஎம்முக்குள் ஒத்துப்போயாக வேண்டும். அதற்காகவே கோபுரம் நொடிக்கு இருபது முறைக்கு மேல் ஒரு சிறு துணுக்கை அனுப்புகிறது. அதில் செய்தி எதுவும் இல்லை, எல்லாமே பூஜ்யங்கள். ஜிஎஸ்எம் பண்பேற்றத்தில் தொடர்ச்சியான பூஜ்யங்கள் தூய ஒற்றைத் தொனியாக மாறும். நொடிக்கு 2,70,833 பிட் என்ற வேகத்தில் கால் பங்கு, அதாவது சேனலின் நடுவிலிருந்து சரியாக 67.7 கிலோஹெர்ட்ஸ் மேலே அந்தத் தொனி நிற்கும். கைபேசி அதைத் தேடிப் பிடித்து, எவ்வளவு தள்ளித் தெரிகிறதோ அவ்வளவும் தன் பிழை என்று முடிவுசெய்கிறது.

‘கேலிபிரேட்-ஆர்டிஎல்’ என்ற இலவச மென்பொருள் அதே வேலையை டாங்கிளுக்குச் செய்கிறது. யாருடைய பேச்சையும் அது திறப்பதில்லை, பூஜ்யங்களை மட்டுமே அளக்கிறது. முதலில் ஜிஎஸ்எம்-900 பட்டையைத் துழாவச் சொல்லுங்கள். வலுவான சேனல் ஒன்றைத் தேர்ந்து மீண்டும் ஓட்டினால் சராசரிப் பிழை பிபிஎம்மில் வரும். இரண்டு மூன்று சேனல்களில் ஒரே எண் வந்தால் நம்பலாம். அதை மென்பொருளின் பிபிஎம் கட்டத்தில் இட்டால் முடிந்தது. 50 பிபிஎம் பிழை 145 மெகாஹெர்ட்ஸில் ஏழு கிலோஹெர்ட்ஸ், கோபுரத்தின் 0.05 பிபிஎம் வெறும் ஏழு ஹெர்ட்ஸ்.

ஆனால் முடிந்தது என்று சொன்ன இடத்தில்தான் கவலையும் இருக்கிறது. கைபேசி தன் படிகத்தையே மின்னழுத்தத்தால் இழுத்துச் சரிசெய்கிறது, அதுவும் ஓயாமல். நாம் படிகத்தைத் தொடுவதில்லை. மென்பொருளின் கணக்கில் ஓர் எண்ணைப் பெருக்குகிறோம், அவ்வளவே. டாங்கிள் சூடானால் படிகம் நகரும். நாம் இட்ட எண் அங்கேயே நிற்கும். குளிரூட்டிய அறையில் எடுத்த எண் மொட்டைமாடி வெயிலில் பொருந்தாது. டாங்கிளை அரை மணி நேரம் ஓடவிட்டு, பயன்படுத்தப்போகும் இடத்திலேயே அளப்பதுதான் வழி.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

எண்ணை இட்ட பிறகு பிழை இரட்டிப்பாகிவிட்டதா? கூட்டல் கழித்தல் குறியை மாற்றுங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் வேறு.

1800 மெகாஹெர்ட்ஸ் கோபுரம் கிடைக்கவில்லையா? டாங்கிளில் உள்ள ஆர்820டி ட்யூனர் அவ்வளவு உயரம் போகாது. 900 பட்டையில் தேடுங்கள்.

2ஜி மூடப்பட்டால்? ஜியோவிடம் 2ஜி இப்போதே இல்லை. ஆனால் 4ஜி கோபுரங்களும் துல்லியமானவை. ‘எல்டிஇ செல் ஸ்கேனர்’ என்ற மென்பொருள் அவற்றை வைத்து அளக்கும்.

விண்வெளி நிலையத்தை வைத்தே சரிசெய்யலாமா? கூடாது. டாப்ளர் விளைவால் அதன் 145.800 மெகாஹெர்ட்ஸ் சிக்னலே ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகரும்.

டெசிபல் அளவும் இதில் சரியாகுமா? ஆகாது. திரையில் தெரிவது ஒப்பீட்டு அளவு. டெசிபலைச் சரிசெய்யச் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும்.

ஜிபிஎஸ் கட்டுப்பாட்டு ஆசிலேட்டர் வாங்க வேண்டுமா? 145 மெகாஹெர்ட்ஸுக்கு வீண்செலவு. 10 கிகாஹெர்ட்ஸில் இறங்கும் க்யூஓ-100 செயற்கைக்கோளைக் கேட்பதானால் பயன் உண்டு.

ஒலிபரப்பும் கருவிக்கும் இது பொருந்துமா? பொருந்தும். இந்தப் பட்டையில் இந்திய ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். விளிம்பில் பேசும்போது பிழையான கருவி வெளியே போய்விடும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பவே கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது? இடமோ பருவமோ மாறும்போதெல்லாம். பிபிஎம் எண், வெப்பநிலை, தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டாங்கிளிலேயே ஒட்டுங்கள். சாரணர் பிள்ளைகளையே அளந்து எழுதவிட்டால் இன்னும் நல்லது.