இழுவைத் தூண்டிலில் நூல் சிக்காதிருக்க

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

கோவில்பட்டி என்றதும் கரிசல் மண்ணும், பருத்திச் செடியும், தீப்பெட்டித் தொழிலும், கடலைமிட்டாயும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இக்கரிசற் சீமை வானம் பார்த்த புஞ்சைகளோடு முடிந்துவிடுவதில்லை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர், கம்பும் மிளகாயும் விளையும் நிலங்கள் மெல்ல மெல்லப் பனங்காடுகளாக மாறுவதையும், வேம்பார், பெரியசாமிபுரம், கீழவைப்பார், சிப்பிகுளம் முதலிய ஊர்களில் நிலம் மன்னார் வளைகுடாவைத் தொட்டு நிற்பதையும் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் வைப்பாறு கரிசற் காட்டைக் கடந்து கடலில் கலப்பதும் இப்பகுதியிலேதான். எனவே, கிராம வளர்ச்சியைப் பற்றி எண்ணும்போது ஏரைப் போலவே தூண்டிலையும் எண்ணுதல் நமது கடமையாகும்.

நான் பிறந்தது கரிசற் காட்டில். கடலில் முதன்முதலாகக் கால் வைத்தது அலுவலின் பொருட்டே. அதனால் இக்கட்டுரையில் நான் கூறுவனவற்றுள் பெரும்பகுதி கரையோர மக்களிடம் நான் கற்றுக்கொண்டதே என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

ஒரு நாள் அனுபவம்

வளைகுடா நாடொன்றில் படகு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், கையாற் சுற்றும் ‘டவுன்ரிக்கர்’ கருவிகள் இரண்டை உடன் கொண்டுவந்திருந்தார். அவருடைய தாயார் மகளிர் சுய உதவிக் குழுவின் மூலம் பெற்ற கடனைக் கொண்டு, கண்ணாடி இழைப் படகு ஒன்றுக்கு எந்திரம் வாங்கியிருந்தனர். கடன் தவணையைப் பற்றிய பேச்சின்போது, “கருவி நல்ல கருவிதான் ஐயா. ஆனால் நூல் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடுகிறது” என்று அவர் மனம் வருந்திக் கூறினார். மறுநாள் விடியுமுன் நானும் அப்படகில் சென்றேன். உடன் வந்தவர் அறுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர்.

பொழுது புலரும் நேரத்தில் சீலா மீன் கூட்டம் நெத்திலியைத் துரத்திக்கொண்டு வந்தது. அவ்வேளையில்தானா எங்கள் மூன்று நூல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும்! உதவி செய்வதாக எண்ணி நான் ஒரு நூலைப் பற்றி வலிந்து இழுத்தேன், முடிச்சு இறுகிவிட்டது. அரை மணி நேரம் கழித்து மூன்று நூல்களையும் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அதற்குள் மீன் கூட்டமும் போய்விட்டது. இரை தேடும் மீன் மேலெழும் வேளை மிகக் குறுகியது. அவ்வேளையில் நேரும் சிக்கு, ஒரு நாள் எரிபொருளையும் உழைப்பையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது. கடன் தவணை தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கரைக்குத் திரும்பும் வழியில், “இனி எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன். “சிக்கை எடுக்கப் படிப்பதைவிடச் சிக்காமல் விடப் படிக்க வேண்டும் ஐயா” என்றார் அம்முதியவர். அவர் கூறிய முறைகளையும், அவற்றிற்கு நூல்களிற் கண்ட காரணங்களையும் இணைத்துக் கீழே தருகிறேன்.

கருவியின் அமைப்பு

ஓடும் படகின் பின்னால் இரையைக் கட்டி இழுத்துச் சென்று மீன் பிடிப்பதே இழுவைத் தூண்டில். சீலா, சூரை, பாரை போன்ற, துரத்தி வேட்டையாடும் மீன்கள் இதில் அகப்படும். வெயில் ஏறியபின் மீன்கள் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்பொழுது இரையையும் ஆழத்தில் ஓடச் செய்ய வேண்டும். இதற்கெனப் பிறந்ததே டவுன்ரிக்கர். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கோகோ சால்மன் மீன் குஞ்சுகள் விடப்பட்ட பிறகு, அப்பேரேரிகளில் ஆழத்தில் உலவும் சால்மன் மீனைப் பிடிக்க இக்கருவி பெருவழக்காயிற்று.

இதன் அமைப்பு எளியது. ஓர் உருளையிற் சுற்றிய கம்பியின் நுனியில் 3 முதல் 5 கிலோ எடையுள்ள ஈயக் குண்டு தொங்கும். குண்டின் அருகில் ஒரு கவ்வி இருக்கும். தூண்டில் நூலை அக்கவ்வியிற் பொருத்திக் குண்டை இறக்கினால், நூலும் உடன் இறங்கும். மீன் இரையைக் கௌவி இழுத்ததும் கவ்வி நூலை விட்டுவிடும். பின்னர் குண்டின் சுமையின்றி மீனை இழுக்கலாம்.

நம் கரிசற் காட்டில் முன்பு கமலை இறைத்தவர்களுக்கு இது புதிதன்று. கூனையை இழுக்க வடம் ஒன்று. அதன் வாலை இழுக்க வால்கயிறு ஒன்று. இரண்டும் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏற வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றொன்றிற் சுற்றிக்கொள்ளும். தண்ணீர் கிணற்றிலேயே கொட்டிவிடும். டவுன்ரிக்கரின் கம்பியும் நூலும் இவ்வாறே.

முறுக்கே முதற் பகை

சிக்கு விழுவதற்கு முதற் காரணம் நூலில் ஏறும் முறுக்கு. நூற்பாலையிற் பணி செய்வோர் அறிவர்: முறுக்கு மிகுந்த நூலைச் சற்றுத் தளர்த்தினால் அது தானே சுருண்டு தன்மேல் விழும். தங்கூசியும் அப்படியே. போலி இரை மீனைப்போல் இருபுறமும் அசைந்து ஓட வேண்டுமேயன்றி, பம்பரம்போற் சுழலலாகாது. சுழலும் இரை ஒவ்வொரு சுற்றையும் நூலில் ஏற்றிவிடும்.

ஆகையால், இரையைக் கடலில் விடுமுன் படகின் ஓரத்தில் சிறிது தூரம் இழுத்துப் பார்த்தல் வேண்டும். சுழன்றால், கட்டையோ வேகத்தையோ திருத்த வேண்டும். செத்த மீனை இரையாகக் கட்டும்போது அதன் உடல் வளையாமல், தூண்டில் நடுக்கோட்டில் அமையுமாறு கட்ட வேண்டும். நூலுக்கும் முனைக்கம்பிக்கும் இடையில் ‘ஸ்விவல்’ எனப்படும் சுழற்கண்ணியைப் பொருத்துதல் இன்றியமையாதது. சீலாவின் பற்கள் கூரியவை. ஆகவே முனைக்கம்பியும் தேவை. துருவேறிச் சுழலாத கண்ணி இருந்தும் பயனில்லை. முறுக்கேறிவிட்ட நூலைச் சீராக்க, இரை, தூண்டில் யாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நூலைச் சில நிமிடங்கள் ஓடும் படகின் பின் இழுத்துச் சென்றால் முறுக்குத் தானே கழன்றுவிடும்.

இறக்கும் முறை

இரண்டாவது காரணம் அவசரம். குண்டைத் தடதடவென இறக்கினால் நூல் தளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். கீழ்க்கண்ட ஒழுங்கைக் கைக்கொள்வது நலம்.

1. படகு நேராகவும் சீரான வேகத்திலும் ஓடத் தொடங்கிய பின்னரே முதல் நூலை விட வேண்டும். நின்ற படகில் விடலாகாது.

2. இரையை வேண்டிய தூரம் பின்னே விட்ட பிறகே நூலைக் கவ்வியில் மாட்ட வேண்டும்.

3. குண்டை மெதுவாக இறக்க வேண்டும். இறங்கும்வரை நூலை விரலால் இலேசாக அழுத்தி, விறைப்புக் குறையாமற் காக்க வேண்டும். குண்டு நின்றதும் எஞ்சிய தளர்ச்சியையும் சுற்றி எடுத்துவிட வேண்டும்.

4. ஒரு நூல் நிலைபெற்ற பின்னரே மறு நூலைத் தொட வேண்டும். இருவர் ஒரே வேளையில் இரு நூல்களை விடுவது சிக்கை விலை கொடுத்து வாங்குவதாகும்.

ஆழமும் தூரமும்

மூன்றாவது காரணம், எல்லா நூல்களையும் ஒரே ஆழத்தில் ஒரே தூரத்தில் விடுவது. “ஆழம் கூடினால் நீளம் குறைய வேண்டும்” என்பது நினைவிற் கொள்ளத்தக்க விதி. ஆழத்தில் ஓடும் இரை குண்டிற்கு அருகிலும், மேலே ஓடும் இரை தொலைவிலும் இருத்தல் வேண்டும். படகு திரும்பும்போது ஒன்று மற்றொன்றின் மேலாகக் கடந்து செல்ல இது இடந்தரும்.

எடுத்துக்காட்டாக, 12 பாகம் ஆழமுள்ள இடத்தில் ஒரு பக்கத்துக் குண்டை 8 பாகத்தில் நிறுத்தி, இரையை 5 பாகம் பின்னே விடலாம். மறுபக்கத்துக் குண்டை 4 பாகத்தில் நிறுத்தி, இரையை 10 பாகம் பின்னே விடலாம். குண்டில்லாத மேல்நூலை நடுவில் 25 பாகம் பின்னே விடலாம். சிறு படகிற்கு மூன்று நூல்களே போதும். நான்காவது நூல் தரும் மீனைவிட அது தரும் தொல்லையே மிகுதி.

இரு குண்டுகளும் ஒரே எடையும், இரு கம்பிகளும் ஒரே பருமனும் உடையனவாக இருத்தல் வேண்டும். இலேசான குண்டு வேகத்தில் அதிகம் பின்வாங்கும். கனத்த குண்டு குறைவாகப் பின்வாங்கும். நீவாடு என்று கரையில் வழங்கும் நீரோட்டம் குறுக்கே வரும்போது, ஒத்த குண்டுகள் ஒன்றுபோல் ஒதுங்கும், ஒவ்வாதவை குறுக்கிட்டுக்கொள்ளும்.

வேகத்தின் கணக்கையும் அறிய வேண்டும். வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். கம்பி நேர்கீழாக நில்லாமல் பின்னோக்கிச் சாயும். 10 பாகம் கம்பி விட்டு, அது 30 பாகை சாய்ந்தால் குண்டு சுமார் 8½ பாகத்தில்தான் நிற்கும். 45 பாகை சாய்ந்தால் 7 பாகத்தில் நிற்கும். கண்ணால் சாய்வைப் பார்த்தே ஆழத்தை மதிப்பிடப் பழகிக்கொள்ளலாம். வேகத்தைத் திடீரெனக் குறைத்தால், இக்குண்டே நேர்கீழாக இறங்கிக் கடலடியைத் தட்டும் என்பதையும் மறக்கலாகாது.

திரும்புதலும் நிறுத்துதலும்

சிக்குகளிற் பெரும்பாலானவை திருப்பத்திலேயே விழுகின்றன. படகு வளையும்போது உட்புறத்து நூல் வேகம் குறைந்து தாழும்; வெளிப்புறத்து நூல் வேகம் கூடி மேலெழும். வளைவு குறுகியதாயின் உட்புறத்து நூல் தளர்ந்து மற்றதன் வழியில் வந்து நிற்கும். கரிசல் உழவர் மாட்டைத் தலைமாட்டில் எவ்வளவு அகலமாக வளைத்துத் திருப்புவார்களோ, அவ்வளவு பொறுமை இங்கும் வேண்டும்.

மீன் மாட்டியதும் எந்திரத்தை உடனே நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. படகு நின்றால் மற்ற நூல்கள் தாழ்ந்து ஒன்று சேரும், சுழல்விசிறியிலும் சுற்றும். படகை மெதுவாக முன்னோக்கி ஓட்டிக்கொண்டே, ஒருவர் மீனைப் பார்க்க, மற்றவர் இரு குண்டுகளையும் மேலேற்றிவிட வேண்டும். பெரிய மீன் படகைச் சுற்றி ஓடும்போது தொங்கும் கம்பியிலேதான் நூல் முதலில் மாட்டும்.

சிக்கிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் சிக்கு விழத்தான் செய்யும். அப்பொழுது இழுக்கலாகாது; தளர்த்த வேண்டும். முதலில் தூண்டில்களைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். இரையைக் கழற்றி மாட்டக்கூடிய கொக்கியில் கட்டியிருந்தால், நூலின் நுனியை விடுவித்து முடிச்சின் வழியே எளிதில் வாங்கிவிடலாம், வெட்ட வேண்டியதில்லை. மீன் கூட்டம் அருகில் இருக்கும்போது சிக்கெடுப்பதில் மூழ்காமல், முன்னரே கட்டி வைத்த மாற்று நூலைப் பயன்படுத்திக்கொண்டு, சிக்கைக் கரையில் வந்து பிரிப்பது அறிவுடைமை.

நூலைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வது மிகவும் ஆபத்தானது. பாய்ந்தோடும் சீலா, தங்கூசியைக் கத்தியாக்கிவிடும். குண்டு பாரில் மாட்டிக்கொண்டால் எந்திரத்தைத் தளர்நிலைக்குக் கொண்டுவந்து, வந்த வழியே படகைத் திருப்பி விடுவிக்க வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் கூரிய கத்தி ஒன்று எப்பொழுதும் இருக்கட்டும்.

வெட்டிய நூல் எங்கே செல்கிறது?

இன்னொரு செய்தியையும் கூறாமல் விட இயலாது. வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் எதிரே உள்ள தீவுகள் உள்ளிட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986-ஆம் ஆண்டு முதல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவ்வெல்லைக்குள் தூண்டில் இழுத்தல் கூடாது. எல்லைக்கு வெளியே வெட்டி எறியும் தங்கூசியும் நீவாட்டில் அங்கே சென்று சேரக்கூடும். அது மக்காது, பவளத்தைச் சுற்றி முறிக்கும், ஆமையையும் கடற்பசுவையும் கட்டிப்போடும். மீன் குஞ்சுகள் வளரும் இடம் அதுவே. அங்கே சிக்கும் நூல் நாளைய மீனைச் சிக்கவைக்கிறது. ஆகவே வெட்டிய நூலைப் படகிலேயே ஒரு சாக்கிற் போட்டுக் கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

முடிவுரை

அன்றைய அனுபவத்திற்குப் பின் அவ்விளைஞர் நான்கு நூல்களை மூன்றாகக் குறைத்தார். குண்டுகளை ஒரே எடையாக்கினார். முதியவரையே சுக்கான் பிடிக்க வைத்தார். ஒவ்வொரு நாளும் மீன் நிறைந்து வந்ததென்று கூறமாட்டேன். கடல் யாருக்கும் அவ்வாறு வாக்களிப்பதில்லை. ஆனால் நூலை வெட்டாமல் திரும்பிய நாட்கள் பெருகின. சில மாதங்களுக்குப் பின் அவருடைய தாயார் குழுக் கூட்டத்தில் தவணைப் பணத்தைத் தம் கையாலேயே எண்ணி வைத்தபோது, அலுவலக ஏட்டில் பதியப்படாத ஒரு வளர்ச்சியை நான் கண்டேன்.

புதிய கருவி மட்டும் முன்னேற்றத்தைத் தந்துவிடுவதில்லை. கருவியைக் கொணர்ந்த இளைஞரின் ஆர்வமும், கடலை அறிந்த முதியவரின் நிதானமும் ஒரே படகில் அமர வேண்டும். கமலை வடமும் வால்கயிறும் போல, இரண்டும் சேர்ந்து இயங்கினாலன்றோ பாத்தியில் தண்ணீர் பாயும்!