5040: பங்கு போட ஏற்ற எண்

ஒரு நகரத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டும்? கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ, ‘சட்டங்கள்’ என்ற நூலில் இதற்கு ஒரே எண்ணில் விடை சொல்கிறார்: 5040. நிலம் பிரிக்க, வரி வாங்க, போருக்கு ஆள் திரட்ட என்று எதற்கும் மக்களைச் சமமாகப் பிரித்தாக வேண்டும். 1 முதல் 10 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் 5040இல் மீதி வராது. 12 குலங்களாகப் பிரித்தால் குலத்துக்கு 420 குடும்பங்கள்; அதை மறுபடி 12ஆல் வகுத்தால் 35. 12 வரையுள்ள எண்களில் இடிப்பது 11 மட்டும்தான். இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் 5038, 11ஆலும் வகுபடும் என்று அதற்கும் வழி சொல்லிவிட்டார்.

இந்த வளம் எங்கிருந்து வந்தது? 1 முதல் 7 வரையுள்ள எண்களை வரிசையாகப் பெருக்கினால் 5040 வரும். 7, 8, 9, 10 நான்கையும் பெருக்கினாலும் அதேதான். பகா எண்களாக உடைத்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5, ஒரு 7. ஒரு காரணியை உருவாக்க 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக 5 வழிகள். அதேபோல் 3க்கு 3 வழிகள், 5க்கும் 7க்கும் இரண்டிரண்டு. 5×3×2×2 = 60 காரணிகள். 5040க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: 5039 பகா எண், காரணிகள் இரண்டே. 5041 என்பது 71இன் வர்க்கம், காரணிகள் மூன்றே.

இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் விஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் தன் நீண்ட கட்டுரையை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகவே. அதை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகம் அப்போது நிதி நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் பின்பகுதி அச்சேறவில்லை, 1997இல்தான் வெளிவந்தது. ஓர் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்வியை, இன்றுவரை நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு அதில் அலசியிருந்தார் ராமானுஜன்.

பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதோடு பிணைந்த அந்தக் கருதுகோளைக் கணிதர் ரீமான் முன்வைத்தது 1859இல். 1984இல் பிரெஞ்சுக் கணிதர் கீ ரோபன் அதை 5040உடன் நேரடியாக முடிச்சுப் போட்டார். ஓர் எண்ணை எடுத்து, அதன் இயல் மடக்கைக்கு மறுபடி மடக்கை காணுங்கள். விடையை அந்த எண்ணாலும், சுமார் 1.781 என்ற மாறிலியாலும் பெருக்குங்கள். கிடைப்பதுதான் காரணிகளின் கூட்டுத்தொகைக்கான வரம்பு. 5040க்கு அது ஏறத்தாழ 19,237. 60 காரணிகளின் கூட்டுத்தொகையோ 19,344, வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரட்டிப்பான 10,080ஐ எடுத்தால் தொகை 39,312, வரம்பு 39,877க்கும் மேல், தாண்டவில்லை.

5040க்கு மேல் எந்த எண்ணும் தாண்டாது என்றால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் தாண்டினாலும் பொய். இதுவே ரோபன் நிறுவிய தேற்றம். தாண்டும் எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆனால் எண்களுக்கு முடிவில்லை. எத்தனை கோடி எண்களைக் கணினி சோதித்தாலும் அது நிரூபணம் ஆகாது. காரணிகளைக் கண்டு கூட்டுவது பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. அந்தக் கூட்டல் 5040க்கு அப்பால் ஒருபோதும் வரம்பு மீறாது என்று நிறுவுகிறவர், ரீமான் விட்டுச்சென்ற கேள்விக்கே விடை கண்டவராவார்.