சூடானால் மட்டும் தலைகாட்டும் பழுது

கேக் கலவையை உள்ளே வைத்து 180 டிகிரிக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஓவன் திடீரென்று ‘பீப் பீப்’ என்று கத்தும். நேரம் காட்ட வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னும், சூடு நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கத்தல். மெக்கானிக் வரும்போது மட்டும் சமர்த்தாக வேலை செய்யும். கடைசியில் “போர்டு போயிடுச்சு, மாத்தணும்” என்பார்கள். ஓவனில் விலை கூடிய பாகங்களில் அந்தக் கண்ட்ரோல் போர்டும் ஒன்று.

அவசரப்பட வேண்டாம். திரையில் வரும் குறியீடு, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இப்படிச் சூடானால் மட்டும் வரும் பழுதில் அது பெரும்பாலும், போர்டுக்கு வந்துசேர்ந்த வெப்ப அளவு நம்பும்படி இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அதுவும் ஒரே குறியீட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள். கையேட்டைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

அந்த அளவு எங்கிருந்து வருகிறது? ஓவனின் உட்புறம், பெரும்பாலும் பின்சுவரின் மேல்பகுதியில், விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய எஃகுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வெப்ப சென்சார். அதற்குள் இருப்பது பிளாட்டினம். சூடு ஏற ஏற பிளாட்டினத்தின் மின்தடையும் கிட்டத்தட்ட ஒரே சீராக ஏறும். இதை வைத்து வெப்பத்தை அளக்கலாம் என்று 1871-இல் வில்லியம் சீமென்ஸ் சொன்னார். 1887-இல் ஹியூ காலண்டர் அதை நம்பகமான வெப்பமானியாக நிலைநாட்டினார். பல ஓவன்களில் இருக்கும் சென்சார், 0 டிகிரியில் 1000 ஓம் காட்டும் வகை. நம் ஊர் 30 டிகிரியில் சுமார் 1117 ஓம் காட்டும். கேக் வேகும் 180-இல் சுமார் 1685. டிகிரிக்கு ஏறக்குறைய 4 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்சாரின் கம்பி எங்காவது விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். போர்டுக்கு அது, எந்த ஓவனிலும் வர முடியாத சூடாகத் தெரியும். உடனே போர்டு ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கத்துகிறது. தீ விபத்தைத் தடுக்க அது செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

விட்டு விட்டு வருவது ஏன்? சென்சார் கம்பி ஓவனுக்குப் பின்னால் ஒரு கனெக்டரில் சேர்கிறது. அங்கே கம்பியை நெரித்துப் பிடித்திருக்கும் ‘கிரிம்ப்’ தளர்ந்திருந்தாலோ, துரு ஏறியிருந்தாலோ, சூட்டில் உலோகம் விரியும்போது தொடுப்பு விடும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறிய ஓவனில் அளந்தால் 1117 என்று சரியாகவே காட்டும். “சென்சார் நல்லாத்தான் இருக்கு” என்று பழி போர்டின் மேல் விழுவது இப்படித்தான்.

சரியாகப் பார்க்கும் முறை வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சார் முனையில் ஒரு முறை, போர்டில் வந்து சேரும் முனையில் ஒரு முறை என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஓரிரு ஓம்களுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றவாளி நடுவிலுள்ள கம்பி. அடுத்து, மீட்டரைப் பார்த்தபடியே கம்பியையும் கனெக்டரையும் மெல்ல ஆட்ட வேண்டும். எண் குதித்தால் பழுது அந்த இடத்தில்தான். ஓவன் சூடாக இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி அளந்தால், ஆறியபோது தப்பித்ததும் சிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் போர்டைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழு போர்டையும் தூக்கிப்போட அவசியம் இல்லாமல் போகலாம். 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட்டரின் கரண்ட், போர்டிலுள்ள ரிலே வழியே போகிறது. அந்த ரிலேயின் காலைச் சுற்றியுள்ள சால்டர் பல நூறு முறை சூடாகி ஆறியதில் விரிசல் விட்டிருக்கலாம். அப்படியானால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். திரும்பச் சால்டர் வைத்தால் போதும். கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

போர்டைக் கெடுப்பதில் நம் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. அலமாரியில் பதித்த ஓவன்களில் சமையல் முடிந்த பிறகும் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அது கண்ட்ரோல் போர்டைக் குளிர்விக்கத்தான். ‘கரண்ட் வீணாகிறதே’ என்று உடனே மெயின் சுவிட்சை அணைத்தால், உள்ளே தேங்கிய சூடு மேலேறிப் போர்டைத் தாக்கும். விசிறி தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓவன் அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டை எவர் சொன்னாலும் நேராக இணைத்து ஓட்டாதீர்கள். மைக்ரோவேவ் ஓவனாக இருந்தால் நீங்களாகத் திறக்கவே வேண்டாம். அதன் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்களும் ஒன்று செய்யலாம். போர்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், “சென்சார் எத்தனை ஓம் காட்டியது? போர்டு முனையில் எத்தனை?” என்று கேளுங்கள். இரண்டு எண்களும் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள்.