கையால் தொடக்கூடிய சினிமா

சூப்பர் 8 பிலிமில் ஒரு நொடியின் நீளம் மூன்று அங்குலம். நொடிக்கு 18 ஃபிரேம் என்ற பழைய வேகத்தில் ஓட்டினால் அதுதான் கணக்கு. ஒரு கேட்ரிட்ஜில் 50 அடி பிலிம் இருக்கும். அதில் 3 நிமிடம் 20 நொடி படமெடுக்கலாம். திரையரங்குப் படங்களைப்போல 24 ஃபிரேமில் எடுத்தால் இரண்டரை நிமிடத்தோடு சரி. கைபேசியில் மணிக்கணக்கில் படம் பிடிக்க முடிகிற காலத்தில், இந்த இரண்டரை நிமிடத்துக்குக் காசு கொடுத்துக் காத்திருக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு, இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்தவர்களும் உண்டு.

பழமை மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தான் பிறப்பதற்கு முன்பே கடைகளிலிருந்து மறைந்துவிட்ட பொருள்மீது இருபது வயதுக்காரருக்கு என்ன ஏக்கம் இருக்க முடியும்? அவரை இழுப்பது வேறொன்று. எடுப்பது, கழுவுவது, வெட்டி ஒட்டுவது, சுவரில் ஓட்டிக் காட்டுவது என்று ஒரு படத்தின் அத்தனை வேலையையும் தனி மனிதர் ஒருவர் தன் கையாலேயே செய்துபார்க்க இந்தச் சின்ன பிலிம் இடம் கொடுக்கிறது. வீடியோவில் பெரும்பகுதி வேலை கருவிக்குள்ளேயே, யார் கண்ணுக்கும் படாமல் நடந்துவிடுகிறது.

வீடுகளுக்கென்றே பிறந்தவை இந்தச் சிறிய அளவுகள். திரையரங்குகளின் 35 மி.மீ. பிலிமுக்குச் செலவு அதிகம். அன்றைய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் பிரான்சின் பத்தே நிறுவனம் 1922-இல் 9.5 மி.மீ. பிலிமையும், அமெரிக்காவின் கோடாக் 1923-இல் 16 மி.மீ. பிலிமையும் எளிதில் தீப்பற்றாத வகையில் கொண்டுவந்தன. பொருளாதார மந்தம் உலகை வாட்டிய 1932-இல் கோடாக் இன்னும் மலிவாக 8 மி.மீ. கொண்டுவந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு அது. கேமராவில் போடுவது 16 மி.மீ. அகலச் சுருள்தான். முதலில் அதன் ஒரு பாதியில் படம் பதியும். பிறகு நிழலான இடமாகப் பார்த்து, சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவியபின் லேபில் அதை நெடுக இரண்டாகப் பிளந்து ஒட்டிக் கொடுப்பார்கள். இந்தத் தொல்லையை 1965-இல் வந்த சூப்பர் 8 ஒழித்தது. பிளாஸ்டிக் கேட்ரிட்ஜைக் கேமராவுக்குள் செருகினால் போதும். ஓரத்துத் துளைகளைச் சிறிதாக்கியதால் படத்துக்கும் கூடுதல் இடம் கிடைத்தது.

பின்னாளில் ஹாலிவுட் இயக்குநரான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் பதினேழாவது வயதில், 1964-இல், ‘ஃபயர்லைட்’ என்ற முழுநீளப் படத்தை அரிசோனாவில் 8 மி.மீ. பிலிமில் எடுத்து, உள்ளூர் அரங்கில் திரையிட்டார். அதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. 1982-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதின்வயதினரின் சூப்பர் 8 படங்களுக்கு ஒரு விழா நடந்தது. அதில் பங்கேற்ற ஜே.ஜே. ஆப்ராம்ஸ், மேட் ரீவ்ஸ் என்ற இரண்டு பையன்களிடம், ஸ்பீல்பெர்க் சிறுவயதில் எடுத்த 8 மி.மீ. சுருள்களைச் சரிசெய்து தரும் வேலை வந்துசேர்ந்தது. ஒட்டுகள் விட்டுப்போயிருந்த அந்தச் சுருள்களை அவர்கள் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். பின்னாளில் இருவருமே பெரிய இயக்குநர்களானார்கள். ஆப்ராம்ஸ் 2011-இல் எடுத்த படத்தின் பெயரே ‘சூப்பர் 8’.

அந்த விழா முடிந்த மறுவருடமே, 1983-இல், கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த பீட்டாமூவியைச் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேப்பில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கலாம், ஒலி சேர்ந்தே பதியும், கழுவ வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். குடும்பங்கள் மளமளவென்று வீடியோவுக்கு மாறியதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குத் தங்களைப் பற்றிய அசையும் படம் என்பது வந்து சேர்ந்ததே கல்யாண வீடியோ கேசட்டாகத்தான். அந்தக் கேசட்டுகள் பலவும் இன்று பீரோவுக்குள் கிடக்கின்றன; போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. உலகில் கடைசிவரை விஎச்எஸ் கருவி செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எண்பது வருடப் பழமையான 8 மி.மீ. சுருளையோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் முகங்கள்கூடத் தெரியும். பிலிமுக்கும் கேடு வராமலில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் பிலிம் புளிக்காடி வாடையடித்துச் சுருங்கும். ஆனாலும் அதைப் படிக்க வெளிச்சத்தைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை என்பது எத்தனை பெரிய பாதுகாப்பு!

லண்டனில் எட் சேயர்ஸ் 1999-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெயிட் 8’ போட்டி, இந்தப் பிலிமின் கெடுபிடியையே விதியாக வைத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரே ஒரு சூப்பர் 8 கேட்ரிட்ஜ். காட்சிகளைக் கதை போகும் வரிசையிலேயே எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. எடுத்ததைக் கழுவாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும். ஒலியைத் தனியே தயாரித்துத் தர வேண்டும். அதாவது எந்த நொடியில் எந்தக் காட்சி வருகிறது என்பதைப் பார்க்காமலே, குறிப்பேட்டையும் ஸ்டாப்வாட்சையும் நம்பி இசையும் பேச்சும் அமைக்க வேண்டும். தேர்வானவர்கள் தங்கள் படத்தை முதன்முதலாகப் பார்ப்பது மற்ற பார்வையாளர்களோடு அரங்கில் உட்கார்ந்துதான். இதில் தொழில்முறை விளம்பரப்பட இயக்குநருக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் ஒரே விதி. நடிகர் தடுமாறினால் மறு டேக் கிடையாது. அந்தத் தடுமாற்றமும் படத்தில் இருக்கும். எனவே கேமராவைத் தூக்குமுன் ஒத்திகை, அதற்குமுன் திட்டம், அதற்கும் முன் எதை எடுப்பது என்ற தீர்க்கமான முடிவு தேவைப்படுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி அமைவது அரிது.

இந்த ஆர்வலர்கள் அதிகம் உருகிப் பேசுவது கழுவும் வேலையைப் பற்றித்தான். கறுப்பு வெள்ளை ரிவர்சல் பிலிம் என்றால் குளியலறையிலேயே செய்துவிடலாம். கும்மிருட்டில் கேட்ரிட்ஜை உடைத்து, 15 மீட்டர் பிலிமையும் சுருள்தட்டில் வளையம் வளையமாக ஏற்ற வேண்டும். இதற்கென்று சோவியத் காலத்து லோமோ தொட்டியை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். முதல் டெவலப்பர் ஊற்றி எடுத்தால் கிடைப்பது நெகட்டிவ். அதன் வெள்ளியை பிளீச்சில் கரைத்துவிட்டால் பிலிம் பாலாடை நிறத்துக்கு வந்துவிடும். பிளீச்சில் கந்தக அமிலம் உண்டு என்பதால் கையுறை கட்டாயம். இப்போது விளக்கைப் போட்டு அந்த வெளிறிய பிலிமுக்கு நன்றாக வெளிச்சம் காட்டுகிறார்கள். இரண்டாம் டெவலப்பரில் இறக்கியதும் அந்த வெளுப்பிலிருந்து கறுப்பு மெல்ல ஏறி, மரமும் தெருவும் ஆளும் பாசிட்டிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஃபிக்ஸர், தண்ணீர். கடைசியில் துணி காயப்போடுவதுபோல் கொடியில் மாட்டிவிடுகிறார்கள்.

காபித்தூளிலேயே பிலிம் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 1995-இல் ஒரு வகுப்பு கண்டறிந்த முறை இது. இன்ஸ்டன்ட் காபியில் உள்ள காஃபிக் அமிலம், வாஷிங் சோடாவோடு சேர்ந்து டெவலப்பராக வேலை செய்கிறது. பிறகு வந்தவர்கள் அதில் வைட்டமின் சி சேர்த்து வேகத்தைக் கூட்டினார்கள்.

கையிலேயே செய்துகொள்ளும் இந்தப் பிடிவாதத்துக்குக் கசப்பான காரணமும் உண்டு. நிறத்துக்குப் பேர்போன கோடாக்ரோம் பிலிமைக் கழுவும் முறை மிகச் சிக்கலானது. வீட்டில் செய்ய முடியாது. சூப்பர் 8 அளவில் அதன் உற்பத்தி 2005-இல் நின்றது. உலகில் அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு அதுவும் சுருள்களை வாங்கவில்லை. அன்று கழுவாமல் விட்ட சுருளிலிருந்து அதன் நிறங்களை மீட்பது இனி ஏறத்தாழ நடக்காத காரியம்.

எடுத்தவர்களின் வயதைப்போலவே, சுருள்களின் பொருளும் மாறிக்கொண்டே போகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அனி எர்னோவின் கணவர் 1972 முதல் சுமார் பத்து ஆண்டுகள் சூப்பர் 8-இல் குடும்பத்தைப் படமெடுத்தார். பிறகு மணவாழ்வு முறிந்தது. சுருள்கள் எர்னோவிடம் தங்கின. மகன் டேவிட் அவற்றைத் தொகுக்க, எண்பதைத் தாண்டிய எர்னோ உரை எழுதிப் பேச, 2022-இல் ‘சூப்பர் 8 ஆண்டுகள்’ என்ற படம் வந்தது. விடுமுறை நாளில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த இளம்பெண் ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தவள் என்பது அந்த ஊமைப்படங்களில் எங்கும் இல்லை. அவரே சொல்லித்தான் நமக்குத் தெரியவருகிறது.

புதிய சூப்பர் 8 கேமரா செய்யப்போவதாக கோடாக் 2016-இல் அறிவித்தது. அது விற்பனைக்கு வந்தது 2023 கடைசியில். அப்போதைய விலை 5,495 டாலர். மாணவர்களால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத தொகை. ஆகவே பெரும்பாலோர் நம்பியிருப்பது 1960-80களில் செய்யப்பட்ட பழைய கேமராக்களைத்தான். சாவி கொடுத்தால் ஓடுகிற சோவியத் குவார்ட்ஸ் கேமரா போன்றவை இன்னும் உழைக்கின்றன. கருவியை விடக் கவலை தருவது கழுவும் இடங்கள். வணிக லேப்கள் மூடப்பட்டபோது அவற்றின் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகாமல் கலைஞர்களின் குழுக்கள் சில வாங்கிக்கொண்டன. பாரிஸ் பக்கம் 1996 முதல் இயங்கும் லாபோமினாப்ல் அப்படியானது. அங்கே உறுப்பினர்கள் தங்கள் பிலிமைத் தாங்களே கழுவி, பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர் புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே ஏற்பாடு. பல நாடுகளில் இப்படி இயங்கும் லேப்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன. உதிரிபாகங்களையும் ரசாயனக் கலவைக் கணக்குகளையும் பகிர்ந்துகொள்கின்றன.